செக்ரோலில் ஒரு பெயர்

இலங்கையில் ஒரு நூலோ சஞ்சிகையோ அச்சானால் அதன் பிரதிகளை அச்சகத்தார் அரசிடம் ஒப்படைத்தாக வேண்டும். 1885ஆம் ஆண்டின் அச்சகத்தார், வெளியீட்டாளர் கட்டளைச் சட்டம் அப்படிச் சொல்கிறது. ஒப்படைக்கப்படும் பிரதிகளில் ஒன்று பேராதனைப் பல்கலைக்கழக நூலகத்துக்கு வந்து சேரும். 1981இல் அங்கே வேலைக்குப் போன எனக்கு முதலில் தரப்பட்ட பணி அந்தக் கட்டுகளைப் பிரிப்பது. சணல் கயிற்றை அவிழ்த்தால் உள்ளே ஒரு கவிதைத் தொகுதி இருக்கும், அதன்மேல் ஐந்தாம் வகுப்புக் கணித வழிகாட்டி, அடியில் ஏதோ ஒரு கோயிலின் கும்பாபிஷேக மலர், பிரித் நூல், கூட்டுறவுச் சங்கத்தின் ஆண்டறிக்கை. எனக்குப் பழக்கிவிட்ட மூத்தவர் ஒரே ஒரு விதிதான் சொன்னார். "பிள்ளை, பிரிக்கிறபோது தரம் பார்க்காதே. வந்ததை எழுது."

அந்த விதியை நான் இன்றைக்கும் மதிக்கிறேன். ஆனால் மலைநாட்டில் பிறந்து வளர்ந்த எனக்கு, வருடம் போகப் போக வேறொன்று உறுத்தத் தொடங்கியது. சட்டத்தின்படி வருவது அச்சகத்தார் அனுப்புவது மட்டுமே. அட்டனிலோ மாத்தளையிலோ ஒற்றை மிதி அச்சு வைத்திருந்தவர் தொழிற்சங்க நோட்டீசை யாருக்கு அனுப்பினார்? காமன் கூத்து அழைப்பிதழ் எந்தக் கட்டில் வந்தது? தோட்டத்து மே தினப் பாட்டுப் புத்தகம், பத்து சதத்துக்கு ரயிலில் விற்ற கொலைச் சிந்து, வாசகசாலை ஆண்டு விழாத் துண்டறிக்கை எதுவும் வரவில்லை. அச்சுக்கே போகாத கையெழுத்துக் கடதாசிகளைப் பற்றிச் சட்டத்துக்கு அக்கறையே கிடையாது. மலையகத்து மனிதர்களைப் பற்றிய கடதாசிகளில் பெரும்பகுதி இந்த இரண்டு வகையைச் சேர்ந்தவை.

பேராதனை நூலகம் கொழும்பிலிருந்து மலையேறி வந்தது. 1921இல் தொடங்கிய பல்கலைக்கழகக் கல்லூரியும் 1870ஆம் ஆண்டின் மருத்துவக் கல்லூரியும் சேர்ந்து 1942இல் இலங்கைப் பல்கலைக்கழகம் ஆனது. ஐவர் ஜென்னிங்ஸ் அதன் முதல் துணைவேந்தர். 1952இல் கலைப் பிரிவுகள் ஹந்தானை மலையடிவாரத்துக்குப் பெயர்ந்தன. 1954 ஏப்ரலில் எடின்பரோ கோமகன் வந்து முறைப்படி திறந்துவைத்தார். மகாவலி கரையோரம் பல்கலைக்கழகம் எழுந்த நிலம் அதற்குமுன் தோட்ட நிலம். வாசலைக் கடந்து போகும் கலஹா வீதியில் மேலே ஏறிக்கொண்டே போனால் ஜேம்ஸ் டெய்லர் 1867இல் தேயிலை பயிரிட்ட லூல்கந்துர தோட்டத்தை அடையலாம். பஸ்ஸில் அந்த வழியாக வேலைக்கு வந்த நாட்களில், ஒரே வீதியின் இரண்டு முனைகளில் இருக்கும் இந்த இரண்டு இடங்களுக்கும் இடையே எவ்வளவு குறைவான கடதாசி கைமாறியிருக்கிறது என்று நினைத்துக்கொள்வேன்.

எங்கள் தொழிலில் பேராதனை என்றவுடன் நினைவுக்கு வருபவர் இயன் குணதிலக்க. 1971 முதல் 1979 வரை அங்கே நூலகராக இருந்தவர். அவர் ஓய்வுபெற்ற பிறகுதான் நான் சேர்ந்தேன், ஆகவே அவரிடம் வேலை பழகும் பாக்கியம் வாய்க்கவில்லை. அவருடைய இலங்கை நூற்பட்டியலின் ஐந்து தொகுதிகளே எனக்கு ஆசானாக இருந்தன. 1970க்கும் 1983க்கும் இடையே சுவிட்சர்லாந்தின் சூக் நகரிலிருந்து வெளிவந்தவை அவை. பதினாறாம் நூற்றாண்டு முதல் இந்தத் தீவைப் பற்றி எழுதப்பட்டவற்றை நிலம், மக்கள், வரலாறு, பண்பாடு என்று துறை துறையாகப் பிரித்துத் தந்தார். பல பதிவுகளுக்குக் கீழே ஓரிரு வரிக் குறிப்பும் எழுதியிருப்பார், அந்தக் குறிப்புகளில் அவருடைய தீர்ப்பு தெரியும். 1971 ஏப்ரல் கிளர்ச்சி நடந்தபின் அதைப் பற்றிய எழுத்துகளுக்குத் தனியாக ஒரு வழிகாட்டி செய்தார். 1983 ஜூலைக்குப் பிறகும் அப்படியே ஒன்று செய்தார். நாடு எரியும்போது ஒரு நூலகர் என்ன செய்ய முடியும் என்று கேட்பவர்களுக்கு நான் இவ்விரண்டையும் காட்டுவேன். யார் எதை எப்போது எழுதினார் என்பதை அந்த நேரத்திலேயே குறித்து வைத்தால், பிறகு எவரும் அப்படி நடக்கவேயில்லை என்று சொல்லிவிட முடியாது.

அந்த ஐந்து தொகுதிகளின் எல்லையையும் அவரே வகுத்திருந்தார். மேலைத்தேய மொழிகளில் எழுதப்பட்டவை மட்டும். ஒரு தனி மனிதருக்கு அதுவே ஆயுட்காலப் பணி. தமிழிலும் சிங்களத்திலும் உள்ளவை வேறு கைகளுக்குக் காத்திருந்தன. தமிழுக்கு அந்தப் பணியைப் பிற்காலத்தில் பெருமளவு செய்தவர் இங்கிலாந்தில் வாழும் என். செல்வராஜா. 2002இல் வெளிவரத் தொடங்கிய அவருடைய நூல்தேட்டம் தொகுதிக்கு ஆயிரம் நூல்களாக ஈழத்துத் தமிழ் நூல்களைப் பதிந்துகொண்டே போகிறது. எனக்கு முன் இருந்த கேள்வி இவ்விரண்டுக்கும் அப்பாற்பட்டது. நூலே ஆகாதவற்றை யார் சேர்ப்பது?

நான் சேர்ந்த அந்த 1981இல்தான், மே மாத இறுதி இரவில், யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டது. 1930களில் கே. எம். செல்லப்பா தன் வீட்டில் தொடங்கிய சிறிய வாசிப்பு முயற்சியிலிருந்து வளர்ந்த நூலகம். எரிந்தவை ஏறத்தாழ 97,000 நூல்கள் என்று கணக்குச் சொன்னார்கள். அந்தச் செய்தி பேராதனைக்கு வந்த நாட்களில் நான் அட்டைப் பட்டியல் இழுப்பறைகளின் முன் நின்றுகொண்டிருந்தேன். எரிந்தவற்றில் அச்சு நூல்கள் பலவற்றுக்கு 1885ஆம் ஆண்டுச் சட்டத்தால் கொழும்பிலும் பேராதனையிலும் வேறு பிரதிகள் இருந்தன. ஏட்டுச் சுவடிகளுக்கும் கையெழுத்துப் பிரதிகளுக்கும் அப்படி ஒன்றும் இல்லை. ஒரே பிரதியாக இருக்கும் எதையும் ஓரிடத்தில் மட்டும் வைத்திருக்கக் கூடாது என்பது அன்றிலிருந்து எனக்குத் தொழில் விதியாயிற்று. பின்னாளில் நிதிக் குழுக்களோடு நான் போட்ட சண்டைகளில் பாதி இந்த விதிக்காகப் போட்டவைதான்.

கண்டியின் தமிழ் அச்சு வரலாறு பலரும் நினைப்பதைவிட நீளமானது. கண்டியில் 1838இல் பிறந்த சித்திலெவ்வை 1882இல் முஸ்லிம் நேசன் பத்திரிகையைத் தொடங்கினார். 1885இல் அவர் எழுதிய அசன்பே சரித்திரம் தமிழின் ஆரம்ப நாவல்களில் ஒன்று. வேதநாயகம் பிள்ளையின் பிரதாப முதலியார் சரித்திரத்துக்கு ஆறே ஆண்டுகள் பிந்தியது. கல்ஹின்னை என்ற சிற்றூரிலிருந்து எஸ். எம். ஹனிபா தமிழ் மன்றம் என்ற பெயரில் தொடர்ந்து நூல்கள் வெளியிட்டார். 1946இல் பாரதி என்ற இதழை நடத்தியவர்களில் ஒருவரும், லூ சூனைத் தமிழுக்குக் கொண்டுவந்தவருமான கே. கணேஷ் தலாத்துஓயாவில் வாழ்ந்தார். பேராதனையிலேயே பேராசிரியர் சு. வித்தியானந்தன் மட்டக்களப்புக் கூத்தை மேடைக்கேற்பச் சீரமைத்து 1962இல் கர்ணன் போர், பின்னர் இராவணேசன் என்று அளித்தார். தமிழ்ச் சங்கத்தின் இளங்கதிர் மலரில் பிற்காலத்தில் பெயர் பெற்ற பலருடைய இளமை எழுத்துகள் இருக்கின்றன.

இவை எல்லாவற்றுக்கும் நூல்கள் கிடைக்கும். கர்ணன் போர் மேடையேறிய நாளின் நுழைவுச்சீட்டு கிடைக்குமா? ஒப்பனைச் செலவுக் கணக்கு, ஒத்திகைக்கு வராதவர்களின் பெயரெழுதிய கொப்பி? ஆராய்ச்சி மாணவர்கள் கேட்பது அதைத்தான். கண்டியில் கொழும்பு வீதி, காசில் ஹில் வீதிப் பக்கம் பழைய கடைகளின் மாடிகளில், கட்டுக்கலைப் பிள்ளையார் கோயில் சூழலில் வாழ்ந்த குடும்பங்களின் தகரப் பெட்டிகளில் இத்தகைய சின்னக் கடதாசிகளை நான் பார்த்திருக்கிறேன். கடையை விற்கும்போது, மாடியைக் கழுவும்போது, பெரியவர் காலமாகி முப்பத்தொன்று முடிந்த கையோடு அவை வெளியே போய்விடும். ஆகவே துக்க வீட்டுக்குப் போவதும் என் வேலையின் ஒரு பகுதியாயிற்று. அந்த நாட்களில் கடதாசியைப் பற்றி வாய் திறக்கக் கூடாது. மூன்று மாதம் கழித்துப் போய், தேநீர் குடித்து, பிள்ளைகளின் படிப்பை விசாரித்து, பிறகுதான் பரணைப் பற்றிக் கேட்க வேண்டும்.

கண்டியின் காற்று கடதாசிக்குப் பகை. இரண்டு பருவ மழைகளுக்கும் நடுவே வெயில் காயும் நாட்கள் குறைவு. காற்றின் ஈரப்பதம் 65 வீதத்தைத் தாண்டி நின்றால் பூஞ்சை பிடிக்கும், ஹந்தானையிலிருந்து மூட்டம் இறங்கும் மாதங்களில் அது எப்போதும் தாண்டியே நிற்கும். 1987க்கும் 1989க்கும் இடையில் நாட்டின் பல்கலைக்கழகங்கள் மாதக்கணக்கில் மூடிக் கிடந்தன. ஆள் நடமாட்டம் இல்லாமல் ஜன்னல் திறக்காத அறையில் பூஞ்சை எவ்வளவு வேகமாக அலுமாரி அலுமாரியாகத் தாவும் என்பதை எங்கள் தலைமுறை நூலகர்கள் அப்போது கற்றுக்கொண்டோம். இரும்பு அலுமாரியை இறுகப் பூட்டி வைப்பதுதான் பாதுகாப்பு என்று நிர்வாகிகள் நினைப்பார்கள். ஈரம் உள்ளே அகப்பட்டுக்கொள்ளும் என்று சொல்லிப் புரியவைக்க வேண்டும். குண்டூசியும் கிளிப்பும் துருப்பிடித்துத் தாளைத் தின்னும். செலோடேப் ஒட்டிய இடம் பத்து ஆண்டில் மஞ்சளாகி, பிசின் எழுத்துக்குள் இறங்கிவிடும். கிழிந்ததை ஒட்ட மெல்லிய ஜப்பானியத் தாளும் மாப்பசையும் போதும். நான் கைப்பழக்கமாகக் கற்றதெல்லாம் எங்கள் பைண்டிங் பாஸிடம் கற்றவை. கண்டிக்கு அருகே ஒரு விகாரைக் கிராமத்தைச் சேர்ந்த அவர் தாளிப்பனை ஓலையில் எழுதிய சிங்களச் சுவடிகளைத் துடைத்து எண்ணெய் பூசுவதைப் பார்த்துக்கொண்டே இருப்பேன். யாழ்ப்பாணத்துப் பனையோலையைவிடத் தாளிப்பனை ஓலை அகலமானது, மிருதுவானது. ஓலையைத் தூக்கும் முன் ஒரு கணம் கையை அதன்மேல் வைத்திருப்பார். "மிஸ், அவசரப்பட்டால் ஓலை கோபித்துக்கொள்ளும்" என்பார் தமிழில். அவருடைய விரல்களுக்குத் தெரிந்ததில் கால்வாசிகூட எந்தக் கைந்நூலிலும் இல்லை, அவர் ஓய்வுபெற்றபின் அந்த இடத்துக்கு ஆள் எடுக்கப்படவுமில்லை.

தொண்ணூறுகளின் நடுப்பகுதியில் வேறொரு பல்கலைக்கழகத்தில் நூலகப் பொறுப்பு எனக்கு வந்தது. மலைநாட்டுத் தொகுப்பு ஒன்றைத் தொடங்க அங்கேதான் வழி கிடைத்தது. அப்போது அது அவசரமாகவும் இருந்தது, ஏனென்றால் தோட்டங்கள் கைமாறிக்கொண்டிருந்தன. லண்டன் கம்பனிகளிடமிருந்து 1975இல் அரசுக்கு வந்த தோட்டங்களின் நிர்வாகம் 1992இல் மறுபடி தனியார் கம்பனிகளிடம் போயிற்று. ஒவ்வொரு கைமாற்றத்தின்போதும் புதிதாக வந்த துரை முதலில் சுத்தம் செய்தது ஆபீஸ் களஞ்சிய அறையை. பழைய செக்ரோல்கள், மருந்துச்சாலைப் பதிவுகள், கங்காணிமாரின் முற்பணக் கணக்குகள் போத்தல் பேப்பர் வாங்குபவரின் சாக்குக்குப் போயின. கண்டி பஸ் நிலையத்தில் ஒருமுறை வாங்கிய கடலைச் சரையை விரித்துப் பார்த்தேன். கோடு போட்ட தாள், தமிழில் பெயர்கள், ஒவ்வொரு பெயருக்கும் எதிரே முப்பத்தொரு கட்டங்கள்.

செக்ரோல் என்றால் என்னவென்று தோட்டத்தில் வாழாதவர்களுக்குச் சொல்ல வேண்டும். பிரட்டுக்களத்தில் விடியற்காலை கூடியவர்களில் யார் எந்த மலைக்குப் போனார், எத்தனை இறாத்தல் கொழுந்து எடுத்தார், அன்றைக்கு அவருக்கு முழுப்பேரா அரைப்பேரா என்று கணக்கப்பிள்ளை பதியும் பேரேடு அது. சம்பளம் அதைக் கொண்டுதான். அரிசிக்கும் முற்பணத்துக்கும் கழிப்பதும் அதில் இருக்கும். அதை எழுதியவர்களுக்கு அது வெறும் கூலிக்கணக்கு.

அரசு இந்திய வம்சாவளித் தோட்ட மக்களிடம் கேட்டதோ வேறு. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவர்கள் ஆக்கியது. அடுத்த ஆண்டு வந்த இந்திய, பாகிஸ்தானிய வதிவோர் குடியுரிமைச் சட்டம் ஒரு வழி திறப்பதுபோல் திறந்து, 1946 ஜனவரிக்கு முன் ஏழு ஆண்டு அல்லது பத்து ஆண்டு தொடர்ந்து இங்கே வாழ்ந்ததற்கு அத்தாட்சி காட்டு என்றது. எட்டு இலட்சத்துக்கு மேற்பட்டவர்களுக்காக விண்ணப்பங்கள் போயின. 1964 வரையில் ஏறத்தாழ 1,34,000 பேருக்கே கிடைத்தது. அந்த ஆண்டு அக்டோபர் 30ஆம் திகதி சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 பேரை எண்ணிக்கையாகப் பிரித்தது. 5,25,000 இந்தியாவுக்கு, 3,00,000 இலங்கைக்கு, மீதி 1,50,000 பிறகு பார்த்துக்கொள்ள. தோட்டத்து வரிசை வீடான லயத்தில் பிறந்து, லயத்தில் மணந்து, படிக்கப் பள்ளி இல்லாமல், பதியப் பதிவுகாரர் அருகில் இல்லாமல் வாழ்ந்த மனிதரிடம் கடதாசி கேட்டார்கள். அவர் பெயரை நாள் தவறாமல் எழுதிய ஒரே கடதாசி தோட்ட ஆபீசில் இருந்தது. அது அவர் கைக்கு வரும் வழி அவருக்குத் தெரியாது, வந்தாலும் அதை ஒரு அத்தாட்சியாக ஏற்பவர்கள் குறைவு.

2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் வந்தபின் நிலைமை மாறியது. 1964 அக்டோபர் 30 தொடக்கம் இங்கே நிரந்தரமாக வாழ்ந்த இந்திய வம்சாவளியினருக்கும் அவர்களுடைய வழித்தோன்றல்களுக்கும் குடியுரிமை. அதற்கு அடுத்த ஆண்டுகளில் ஒருநாள் தெல்தோட்டைப் பக்கத் தோட்டமொன்றிலிருந்து ஒருவர் எங்கள் வாசிப்பறைக்கு வந்தார். நாற்பது வயதிருக்கும். கையில் ஒரு பிளாஸ்டிக் உறை, அதற்குள் மங்கிய தோட்ட மருந்துச்சாலைச் சீட்டு ஒன்று. தன் தாயார் 1964இல் இங்கேதான் இருந்தார், தான் அந்த ஆண்டில்தான் பிறந்தேன் என்று காட்ட வேண்டும், பிறப்புப் பதிவு எடுக்கப்படவில்லை, சாமியார் ஒருவர் இந்த இடத்தைச் சொன்னார் என்றார். வாசலில் செருப்பைக் கழற்றி வைத்திருந்தார். போட்டுக்கொண்டு வரச் சொன்னேன்.

அந்தத் தோட்டத்துக் கணக்கப்பிள்ளை ஒருவரின் மகன் சில ஆண்டுகளுக்கு முன் எங்களிடம் ஒரு பெட்டி ஒப்படைத்திருந்தார். தகப்பனார் பழைய கொப்பிகளை ஆபீசிலிருந்து கேட்டு வாங்கி வீட்டில் வைத்திருந்தாராம். 1963, 1964 இரண்டு ஆண்டுகளின் செக்ரோல்களும் அதில் இருந்தன. பெயரைத் தேடுவது இலகுவல்ல. ஒரே டிவிஷனில் நாலு மாரியாயி, மூன்று ராமாயி. தகப்பன் பெயரும் கங்காணி பெயரும் சேர்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். கண்டுபிடித்தோம். ஆண்டுத் தொடக்கத்திலிருந்து முழுப்பேராக ஓடிய கோடு ஆகஸ்டில் நின்று, சில வாரங்கள் வெறுங்கட்டமாக இருந்து, பிறகு அரைப்பேராகத் தொடங்கி, மறுபடி முழுப்பேராகியது. வெறுங்கட்டங்களுக்கு எதிரே கணக்கப்பிள்ளை சிறிய எழுத்தில் பிள்ளைப்பேறு என்று எழுதியிருந்தார். அந்த மனிதர் நீண்ட நேரம் பார்த்தார். அம்மா இத்தனை நாள்தான் வீட்டிலிருந்தாரா என்று கேட்டார். பிறகு, "மிஸ், இதுக்கு ஒரு சீல் அடிச்சுத் தாங்க" என்றார். சீல் இல்லாத தாளோடு வாழ்நாள் முழுக்க அலைந்த மனிதர் கேட்டது நியாயமான கேள்வி.

போட்டோக் கொப்பியில் நூலக முத்திரையைக் குத்திக் கொடுத்தால் மட்டும் அது ஓர் அத்தாட்சி ஆகாது. மேசையின் மறுபக்கம் இருக்கும் உத்தியோகத்தர், இந்தக் கொப்பி உங்களிடம் எப்படி வந்தது, இடையில் யாரும் எழுதிச் சேர்த்திருக்க மாட்டார்கள் என்பதற்கு என்ன உறுதி என்று கேட்பார், கேட்கவும் வேண்டும். நாங்கள் தட்டச்சில் ஒரு பக்கக் கடிதம் இணைத்தோம். எந்தத் தோட்டம், எந்த டிவிஷன், எழுதியவர் யார், அவர் எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டுவரை அங்கே வேலை செய்தார், யார் மூலமாக எந்தத் திகதியில் எங்களிடம் வந்தது, பெட்டி எண், கொப்பி எண், பக்கம், முன்னும் பின்னும் உள்ள மாதங்களின் கையெழுத்து ஒத்திருக்கிறது என்ற குறிப்பு. அந்தக் கடிதம் ஏற்றுக்கொள்ளப்பட்டது. அதை எழுத முடிந்தது, பெட்டி வந்த நாளில் ஓர் இளம் ஊழியர் பொறுமையாக உட்கார்ந்து, கொண்டுவந்தவரிடம் ஒரு மணி நேரம் கேட்டு எல்லாவற்றையும் பதிவேட்டில் எழுதி வைத்திருந்ததால். நெதர்லாந்தில் முல்லர், ஃபெய்த், ஃப்ரூயின் என்ற மூவர் 1898இல் எழுதிய கைந்நூல்தான் எங்கள் தொழிலின் மூல நூல். வந்த இடத்தின் கடதாசிகளை வேறிடத்தின் கடதாசிகளோடு கலக்காதே, இருந்த ஒழுங்கைக் குலைக்காதே என்பது அதன் சாரம். மாணவப் பருவத்தில் அதை வறட்டு விதியாகப் படித்தேன். ஒரு மனிதரின் குடியுரிமை அந்த விதியில் நின்றதைக் கண்டபின் அப்படிப் படிக்க முடியவில்லை.

அதற்குப் பிறகு பலர் வந்தார்கள். கோத்தகிரியிலிருந்தும் கூடலூரிலிருந்தும் கடிதங்கள் வந்தன. தாயகம் திரும்பியோருக்காக 1968இல் தமிழ்நாடு அரசு தொடங்கிய தேயிலைத் தோட்டங்களில் வாழும் குடும்பங்கள். ஒப்பந்தத்தின்படி தலைமன்னாரில் கப்பலேறிப் போனவர்களின் பேரப்பிள்ளைகள், தாத்தா எந்தத் தோட்டம் என்று கேட்டு எழுதினார்கள். அவர்கள் எழுதும் தோட்டப் பெயர் தேசப்படத்தில் இருக்காது. தோட்டத்துக்கு ஆங்கிலத்தில் ஒரு பெயர், தொழிலாளர் வாயில் வேறொரு பெயர். தோட்டங்களைப் பட்டியலிட்ட பெர்கூசன் டிரெக்டரியையும் முதியவர்களின் நினைவையும் ஒப்பிட்டு அட்டை அட்டையாக ஒரு சுட்டி தயாரித்தோம். நான் செய்த வேலைகளில் எனக்கு மிகப் பிடித்தது அதுதான். எங்களிடம் இல்லாதவற்றுக்கு எங்கே போக வேண்டும் என்று சொல்வதும் கடமை. கச்சேரிப் பழைய கடதாசிகளுக்குத் தேசிய சுவடிகள் திணைக்களம், பிறப்பு இறப்புக்குப் பதிவாளர் நாயகம். கைவிரித்து அனுப்புவதற்கும் வழிசொல்லி அனுப்புவதற்கும் ஒரு துண்டுக் கடதாசிதான் வித்தியாசம்.

நூலகத் தலைமை என்பது பெரும்பாலும் பணம் பிரிப்பது. வெளிநாட்டுச் சஞ்சிகைச் சந்தாக்கள் டொலரில் ஏறிக்கொண்டே போகும், மருத்துவப் பீடமும் பொறியியற் பீடமும் நியாயமாகவே கேட்கும், மிஞ்சுவதுதான் ஆவணப் பகுதிக்கு. நூலகர் மூதவையில் உறுப்பினர். அங்கே அமர்ந்து பேசக் கிடைத்த உரிமையை நான் மூன்று விடயங்களுக்குச் செலவழித்தேன். அமிலமில்லாத பெட்டிகள், ஒரு நிரந்தர ஆவண உதவியாளர் பதவி, பல்கலைக்கழக அட்டை இல்லாதவர்களுக்கும் வாசிப்பறையைத் திறந்துவிடுவது. மூன்றாவதற்குத்தான் எதிர்ப்பு அதிகம். தோட்டத்து ஆட்கள் வந்தால் ஒழுங்கு கெடும் என்று ஒருவர் பேசினார். எவருடைய கடதாசிகளைச் சேகரித்துப் பெருமை பேசுகிறோமோ அவரை உள்ளே விடமாட்டோம் என்பது என்ன அறிவு என்று கேட்டேன். அனுமதி கிடைத்தது. கருமபீடத்தில் தமிழ் பேசத் தெரிந்த ஒருவர் எந்நேரமும் இருக்க வேண்டும் என்ற ஒழுங்கையும் அதோடு கொண்டுவந்தேன். சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ முதல் கேள்வி வந்தால் பாதிப் பேர் ஒன்றுமில்லை என்று சொல்லித் திரும்பிவிடுவார்கள்.

இப்போது ஸ்கேனர் வந்துவிட்டது. 2005இல் தொடங்கிய நூலகம் நிறுவனத்தின் இணையச் சேகரம் ஈழத்துத் தமிழ் எழுத்துக்குச் செய்திருப்பது மகத்தான காரியம். ஒரே பிரதி ஓரிடத்தில் இருக்கக் கூடாது என்ற என் பழைய கவலைக்கு அதைவிட நல்ல மருந்து இல்லை. ஆனால் ஸ்கேன் செய்தபின் அசலை எறிந்துவிடலாம் என்று நினைக்கும் நிர்வாகிகளோடு எனக்கு உடன்பாடு கிடையாது. மையின் நிறம், தாளின் நீர்க்குறி, பின்பக்கத்துப் பென்சில் கணக்கு, கொப்பி தைத்த நூல் எல்லாம் சாட்சி சொல்பவை. சந்தேகம் வரும் நாளில் படத்தை யாரும் நம்பமாட்டார்கள், அசலைக் கேட்பார்கள்.

ஓய்வுபெற்றபின்பும் வீட்டுக்கு ஆட்கள் வருகிறார்கள், தொலைபேசியில் கேட்கிறார்கள். வீட்டில் பழைய கடதாசி இருக்கிறது, என்ன செய்வது என்று. சொல்கிறேன். செக்ரோல், தோட்டம் மாறுவோருக்குக் கொடுத்த துண்டு, தொழிற்சங்கச் சந்தாச் சீட்டு, இந்தியாவிலிருந்து வந்த கடிதம், பள்ளிக்கூட இடாப்பு எதுவாக இருந்தாலும் லெமினேட் செய்யாதீர்கள். பிறப்புச் சான்றிதழைக்கூடச் செய்யாதீர்கள், அந்தச் சூடு தாளைக் கெடுக்கும், பிறகு பிரித்தெடுக்க முடியாது. றப்பர் பட்டி போடாதீர்கள், உருகி ஒட்டிக்கொள்ளும். குண்டூசியைக் கழற்றிவிட்டு வெள்ளைத் துணியில் சுற்றுங்கள். சமையலறைப் பரணில் வேண்டாம், சுவரோரமும் வேண்டாம். தேதிப்படி அடுக்குகிறேன், நல்லதை மட்டும் பொறுக்குகிறேன் என்று கலைக்காதீர்கள், தாத்தா கட்டிய கட்டு அப்படியே இருக்கட்டும். ஒரு தனித் தாளில், பென்சிலில், இது யாருடையது, எந்தத் தோட்டம், எந்த டிவிஷன், யாரிடமிருந்து உங்கள் கைக்கு வந்தது, எப்போது வந்தது என்று எழுதி மேலே வையுங்கள். தெரியாததைத் தெரியாது என்றே எழுதுங்கள். பிறகு பக்கத்துப் பல்கலைக்கழக நூலகத்துக்குப் போய், ஒப்படைத்ததற்கு எழுத்தில் பற்றுச்சீட்டுக் கேளுங்கள். தராவிட்டால் கடதாசியைத் திரும்பக் கொண்டுவந்துவிடுங்கள்.